பூனைகள் உள்ளே வந்த வழி

என் வீட்டுப் பின்கதவின் அடியில் ஒரு சதுர ஓட்டை இருந்தது. கோயமுத்தூரில் வாக்கப்பட்டிருக்கும் என் மகள், தன் பூனையை என்னிடம் விட்டுப்போனபோது ஆசாரியைக் கூப்பிட்டு அறுக்கச்சொன்ன ஓட்டை. நான் காலையில் பீங்கான் கம்பெனிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவேன்; அதுவரை பூனை வெளிக்குப் போய் வர வழி வேண்டாமா என்றாள். ஆசாரி ஒரு ரப்பர் ஷீட்டை அதன்மேல் தொங்கவிட்டார். தலையால் முட்டினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். என் பூனை இரண்டு நாளில் பழகிக்கொண்டது. மூன்றாம் நாள் தெருப் பூனைகளும் பழகிக்கொண்டன.

மூன்று பூனைகள். இரண்டு பெட்டை, ஒரு கடுவன். பெட்டைகள் பால் குண்டானை உருட்டுவதோடு சரி. கடுவன் அப்படி இல்லை. தலை பெரிது, காது கிழிந்தது, என் பூனையைக் கண்டாலே அதற்கு ஆகாது. என் பூனைக்கு ஒன்பது வயது. சண்டை என்றால் என்னவென்றே தெரியாமல் மகளின் மடியில் வளர்ந்தது.

முன்பெல்லாம் இந்த மூன்றுக்கும் சோறு வைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பதினேழு வருஷம் ஒரே கம்பெனியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். மருமகள் உண்டானதும் அக்கா வேலையை விட்டுவிட்டாள். புள்ளத்தாச்சி இருக்கும் வீட்டில் பூனை கூடாது என்று சம்பந்தியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம்.

"நான் இப்பல்லாம் அதுங்கள அண்டவே வுடறது இல்லம்மா. அதான் உன் வூட்டுக்கு வருதுங்க போல" என்றாள்.

நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்?

ஆரஞ்சுத் தோலைப் போட்டுப் பார்த்தேன். அந்துருண்டை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வந்தால் என் பூனை பரண்மேல் ஏறி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடுங்குகிறது. தொடையில் கடி. மறுநாள் அது வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. அக்காதான் ஆட்டோவைக் கூட்டிவந்தாள். கால்நடை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "பாவி, இந்த வாயில்லாத ஜீவனப் போயி" என்று அந்தக் கடுவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். அழவும் செய்தாள்.

டாக்டரம்மா சீழை எடுத்து ஊசி போட்டார். "வயசான பூனை. இன்னொரு கடி வாங்குச்சுன்னா தாங்காதும்மா. வெளியவும் வுடாதீங்க, வெளிய இருந்து எதையும் உள்ளயும் வுடாதீங்க" என்றார். அக்காவும் பக்கத்தில் நின்றுதான் கேட்டாள்.

அதற்கப்புறம்தான் நான் முழுமூச்சாக இறங்கினேன். உள்ளே ஓட்டையை ஒட்டி ஒரு செங்கல் வைத்தேன். கடுவன் முட்டித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. நல்லவேளை, அன்று நான் வீட்டில் இருந்தேன். யோசித்தேன். உள்ளே வைத்தால் தள்ளலாம். வெளியே வைத்தால் இழுத்தால்தான் நகரும். இழுக்கப் பூனைக்குக் கை ஏது? கம்பெனியில் விரிசல் விட்டதென்று கழித்துப்போட்ட பீங்கான் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற வகை, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தினமும் என் பூனையை உள்ளே விட்டு, முன்கதவைப் பூட்டி, பின்பக்கம் சுற்றிப்போய் ஓட்டையைப் பலகையால் மூடி, அந்தப் பீங்கானை முட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போவேன்.

நான்காம் நாள் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் மூன்று பூனைகளும் கூடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. என் பூனை பரண்மேல். ஓடிப்போய்ப் பின்பக்கம் பார்த்தேன். பலகை வைத்தபடி இருக்கிறது, பீங்கான் வைத்தபடி இருக்கிறது.

அக்கா வந்து அண்ணாந்து பார்த்தாள். "வெண்டிலேட்டர் வழியாத்தான் வருதுங்க. வேற வழியே இல்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, உச்சி வெயிலில், வெண்டிலேட்டருக்குக் கம்பி வலை அடித்தேன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஆணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். "பாத்து, பாத்து. கீழ வுழுந்துடாத" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி மூன்றும் உள்ளே. என் பூனைக்கு ஆறிவந்த புண் பிய்ந்து ரத்தம் கசிந்தது. அது சாப்பிடுவதையும் குறைத்துக்கொண்டது. பரணைவிட்டுக் கீழே இறங்கமாட்டேன் என்றது. மகளுக்குப் போன் பண்ணி என்ன சொல்வது? உன் பூனையைக் காப்பாற்ற எனக்குத் துப்பில்லை என்றா?

அப்போதுதான் எனக்குக் கம்பெனி மண் ஞாபகம் வந்தது. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைப்பதுதான் என் வேலை. சுடாத மண்ணில் நகம் பட்டால்கூடத் தெரியும். எந்த வழியாக வந்தாலும் காலைப் பதித்துவிட்டுத்தானே போக வேண்டும்? ஒரு உருண்டை மண் வாங்கிவந்து சப்பாத்தி மாதிரி தேய்த்து, ஓட்டைக்கு உள்பக்கம் ஒன்று, ஜன்னலடியில் ஒன்று, வெண்டிலேட்டருக்குக் கீழே ஒன்று என்று விரித்துவிட்டுப் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, காலையில் அவள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஜன்னலடி மண் விரித்தபடி இருந்தது. வெண்டிலேட்டருக்குக் கீழே இருந்ததும் அப்படியே. ஓட்டைக்கு உள்பக்கம் இருந்த மண்ணில் பூனைக் கால்கள் மிதித்துத் துவைத்திருந்தன. அந்தக் கால்களுக்கு நடுவே ஒரு மனுஷக் கை. வலது கை. பூனையை உள்ளே தள்ளும்போது ஊன்றிய கை. ஆள்காட்டி விரல் மட்டும் பாதியில் நின்றிருந்தது.

அந்த விரலை எனக்குத் தெரியாதா? பிரஸ் மெஷினில் அக்காவுக்கு அந்த விரல் நசுங்கியபோது என் முந்தானையைச் சுற்றித்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு மாசம் அந்தக் கட்டை நான்தான் பிரித்துக் கட்டினேன். பீங்கானை நகர்த்திப் பூனைகளை உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி வைத்தபடியே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் இந்த மண்ணில் கிடந்தவள்தான். கையில் பிசுபிசுத்ததுமே என்னவென்று தெரிந்திருக்கும். நான் அவள் வீட்டுக்குப் போனபோது வாசல்படியில் எனக்காகவே உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன நாளா?" என்றேன்.

"சத்தம் போடாத. அவன் இப்பதான் எந்திரிச்சிருக்கான்" என்றாள். அவள் மகனுக்குச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட். பகலெல்லாம் வீட்டில் தூக்கம். "அதுங்கள வூட்டுல பாத்தான்னா சாக்குல கட்டிக் கொண்டுபோயி பெண்ணாடம் ரோட்டுல வுட்டுருவேன்னுட்டான். பொறந்ததுலேருந்து நான் வளத்ததுங்க. அவன் வேலைக்குக் கெளம்புறவரைக்கும்தான். உன் வூடு பகல்ல சும்மாதானே கெடக்குது?"

"சும்மாவா கெடக்குது? என் பூன இருக்குது உள்ள."

அவள் திரும்பி வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. பதினேழு வருஷத்தில் முதல் முறையாக அவளை நீ என்று கூப்பிட்டேன். "ஆஸ்பத்திரிக்கு வந்தியே, மடியில வச்சிக்கிட்டு அழுதியே. இன்னொரு கடி தாங்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. அதக் கேட்டதுக்கு அப்புறமும் அந்தக் கடுவன உள்ள தள்ளுனியா?"

மழுப்புவாள் என்று நினைத்தேன். மழுப்பியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். "தள்ளுனேன்" என்றாள். "வெளிய கெடந்தா என்துங்க போயிடும். உன்து பரண்மேல ஏறிக்குது இல்ல."

என்துங்க, உன்து. கணக்கு அவ்வளவுதான். நான் வந்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டு ஆசாரியைக் கூப்பிட்டு ஓட்டையில் தேக்குப் பலகை பதித்து, நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கச்சொன்னேன். புண் ஆறிவிட்டது. என் பூனை பிழைத்துக்கொண்டது. மகளிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். ஆனால் தினமும் சாயங்காலம் அது அந்தப் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, வெளியே விடச்சொல்லிக் கத்துகிறது. யாரையும் கடிக்காதது, யாரையும் ஏமாற்றாதது, அதுதான் இப்போது உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. நான் தடவிக் கொடுத்தாலும் நிறுத்துவதில்லை. அந்தக் கத்தல் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும். கேட்கட்டும்.