காது பார்க்கிற வீடு

என் கணவர் முரளீதரன் டாக்டர் இல்லை. சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாததால் இப்போது முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு, சென்னையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஆறு வருஷம் உதவியாளராக இருந்தார். வருகிறவர் காதில் ஹெட்போனை மாட்டி, குமிழைத் திருப்பி, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று தாளில் புள்ளி வைக்கிற வேலை. டாக்டர் புது மெஷின் வாங்கியபோது பழையதை இவருக்குக் கொடுத்தார். 1990இல் அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் 'செவி, பேச்சு நிலையம்' என்று பலகை மாட்டினார்.

ஊர்தான் அவரைக் காது டாக்டர் ஆக்கியது. அவர் மறுக்கவில்லை. வரதராஜர் கோயிலில் யாராவது 'டாக்டர் மாமி' என்று கூப்பிட்டால் நானும் ஜம்மென்று திரும்பிப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிறவள் நான். வெட்கங்கெட்ட பிழைப்பு.

கெட்டிக்காரர்தான், அதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்புறம் வரிசையாகத் தறி வீடுகள். பகல் முழுக்க டக் டக்கென்று சத்தம். அதில் சோதனை செய்தால் நல்ல காதும் செவிடாகத்தான் தெரியும். அதனால் பெரியவர்களுக்கு அமாவாசையன்று மட்டும் சோதனை வைத்தார். அன்று நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். தர்ப்பணத்தை முடித்துவிட்டுப் பஞ்சகச்சத்தோடு மெஷின் முன்னால் உட்காருவார்.

"வெளியூர்க்காரனுக்கு இந்த யோசனை வருமா, ரமா?" என்று பெருமை வேறு.

தொண்ணூற்று நாலில், அடுத்த தெரு நெசவாளி ராமலிங்கமும் அவர் மனைவி வடிவாம்பாளும் தங்கள் பெண் தமயந்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. குழந்தை ஹெட்போனைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. "வீட்டுக்கே வந்து பாக்கறேன்" என்றார் இவர்.

மறுநாள் போனார். ராமலிங்கம் குழித்தறியில் கால்களை இறக்கி நெய்துகொண்டிருந்தார். குழந்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தறிக்கு முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தது. இவர் ஜாடை காட்டியதும் ராமலிங்கம் தறியை நிறுத்தினார். குழந்தை திரும்பிப் பார்த்தது. மறுபடி ஓட்டினார். மறுபடி திரும்பியது. மூன்று முறை அப்படியே.

"காது நன்னா கேக்கறது. பேச்சுதான் தாமதம். பயிற்சி கொடுத்தா சரியாயிடும்" என்றார்.

வடிவாம்பாள் கும்பிட்டாள். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் தமயந்தி எங்கள் வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவரைப் பார்த்து வாயைத் திறந்து மூடும். ஆ, ஈ, ஊ. இரண்டு வருஷம். சத்தம் மட்டும் வரவில்லை.

அதற்குள் காது மெஷின் கம்பெனி ஆள் சாமுவேல் ஒரு சேதி கொண்டுவந்தார். "சார், இனிமே டெல்லி மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கணும். இல்லாம காது பாத்தா, பேச்சுப் பயிற்சி குடுத்தா, ஜெயில் வரைக்கும் போகும்." சட்டம் வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரியாது என்பது பாதி உண்மை. தெரிந்துகொள்ள ஆசைப்படவில்லை என்பது மீதி. பட்டம் இல்லாமல் அனுபவத்தில் செய்பவர்களுக்கு ஏதாவது குறுகிய பயிற்சி வைப்பார்கள் என்று பேச்சு இருக்கிறது, குணமானவர்களிடம் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள், குழந்தைக் கேஸ் ஒன்று இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார் சாமுவேல்.

விண்ணப்பத்தை எழுதியவள் நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நானே முன்வந்தேன். பெண்ணுக்குக் குணம் தெரிகிறது என்று வடிவாம்பாளின் கடிதத்தையும் நானே எழுதி, கையெழுத்து வாங்க ஒரு அமாவாசையன்று அவள் வீட்டுக்குப் போனேன்.

தறி சும்மா இருந்தது. தமயந்தி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "தமயந்தி!" என்றேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய் உரக்கக் கூப்பிட்டேன். ஊஹூம். அடுக்களையில் சொம்பு ஒன்று விழுந்து உருண்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குழந்தை அசையவில்லை.

ராமலிங்கம் சிரித்தார். "இன்னிக்குக் கூப்டா திரும்ப மாட்டா மாமி. தறி ஓடுற நாள்ல வந்து பாருங்க, டக்குனு திரும்புவா. அமாவாசைன்னா மட்டும் இவளுக்குக் காது மந்தமாயிடுது, எங்களாட்டம் லீவு எடுத்துக்கினு உக்காந்துருக்கா."

நான் குழித்தறியைப் பார்த்தேன். தறி ஓடினால் அந்த வீட்டுத் தரையே அதிரும். குழந்தை கேட்கவில்லை, தரை அதிர்வதைத்தான் உணர்ந்திருக்கிறது. பெரியவர்களுக்கு அமாவாசை பார்த்தவர், இந்தக் குழந்தையைத் தறியடியில் வைத்துச் சோதித்திருக்கிறார்.

வடிவாம்பாள் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் அவர் ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"ஆறு மாசமா எனக்கும் சந்தேகம்தான், ரமா. மறுபடி பாத்தா நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சுடும். அதான் பாக்கலை."

"ஏன்னா, குழந்தைன்னா அது!" என்று கத்திவிட்டேன். கத்தும்போது அந்தக் கடிதம் என் கையில்தான் இருந்தது.

மறுநாள் காலை இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். உண்மையைச் சொல்லத்தான் போனோம். "சென்னையில புது மெஷின் வந்திருக்கு, ஒரு தடவை பாத்துடலாம்" என்றுதான் இவர் வாயில் வந்தது. அடுத்த வாரம் வடிவாம்பாளையும் குழந்தையையும் நாங்களே கூட்டிக்கொண்டு போனோம்.

அங்கே ஒரு காது ஆஸ்பத்திரியில் ஸுபத்ரா என்று ஒரு சின்னப் பெண், முறையாகப் படித்துப் பதிவு செய்தவள். ஒன்றரை மணி நேரம் பொறுமையாகச் சோதித்தாள். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"பிறவியிலேயே காது கேக்கலைம்மா. ரெண்டரை வயசுலயே மெஷின் மாட்டிப் பழக்கியிருந்தா இந்நேரம் நாலு வார்த்தையாவது பேசியிருப்பா. காது நல்லா இருக்குன்னு யாராவது சொன்னாங்களா? பேரைச் சொல்லுங்க. பதிவு இல்லாத ஆளா இருந்தா நான் கவுன்சிலுக்கு எழுதறேன்."

சுவரோரமாக நின்றிருந்த எங்களை வடிவாம்பாள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாருகிட்டயும் காட்டலம்மா. நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம்."

"பெத்த தாய்க்கு இதுகூடவா தெரியாது?" என்று ஸுபத்ரா பிடித்துக்கொண்டாள். ஏழையோ படிக்காதவளோ, அக்கறை வேண்டாமா என்றாள். வடிவாம்பாள் தலையைக் குனிந்து, பெண்ணை மடியில் இறுக்கிக்கொண்டு, அத்தனையையும் கேட்டாள்.

என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் மூடிக்கொண்டார்.