கிரகணத்தன்று சொறிந்த வயிறு

பிள்ளைத்தாச்சிக்கு வயிறு அரிக்கும் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வாந்தி வரும், கால் வீங்கும், நெஞ்சு எரியும் என்றெல்லாம் பயமுறுத்தினார்கள். ஆறாம் மாதம் தோல் இழுபட ஆரம்பித்தபோது அரிப்பு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். வயிறெல்லாம் வரிவரியாக நகத்தடம் போட்டு வைத்திருந்தேன்.

என்னைக் கவனித்துக்கொண்டவர் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பெண்களைப் பெற்றவர். அப்போது மூன்றாவது வயிற்றில், எனக்கு இரண்டு மாதம் பின்னால். செஞ்சியில் எங்கள் வீடு கோட்டை மலைக்குக் கிட்டே இருந்தது. பகலெல்லாம் பாறை குடித்த வெயில் சாயங்காலம் வீட்டுக்குள் இறங்கும். மசக்கையில் எனக்கு எதுவும் தங்காதபோது, பாயை விட்டு எழும் முன்பே ஒரு பிடி பொரியைக் கையில் கொடுத்து மெல்லச் சொன்னவர் அவர். நெஞ்சு எரிந்தால், ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்னாதே என்று திட்டுவார். கால் வீங்கினால் நெல் மூட்டைமேல் தூக்கி வைக்கச் சொல்வார். அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய், காலையும் மாலையும் தன் கையாலேயே தடவிவிடுவார்.

"நகம் போடாதடி. தேய்ச்சா அடங்கும், சொறிஞ்சா ஏறும்."

எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது சூரிய கிரகணம் வந்தது. மாமியார் முந்தின நாளே எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சட்டம் படித்தார். பிடிப்பதற்கு முன் உள்ளறைக்குப் போய்விட வேண்டும். விடும்வரை சோறு இல்லை, தண்ணீர் இல்லை, எண்ணெய் தொடக்கூடாது. அரிவாள், ஊசி பக்கமே போகக்கூடாது. நகத்தால் உடம்பைக் கீறவே கூடாது. கீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும்.

"கை மடியிலயே இருக்கணும். இன்னா, புரியுதா?"

மறுநாள் காலை ஆண்கள் கிரகண முழுக்குக்குச் செட்டிகுளத்துக்குப் போய்விட்டார்கள். மாமியார் முற்றத்தில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தினார். கிரகணம் இருக்கும்வரை அது நிற்கும், விட்டதும் விழும் என்பது நம்பிக்கை. சன்னலில் பழந்துணி அடைத்த அறையில் நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்திலேயே தொப்புளுக்குக் கீழே ஆரம்பித்தது. வேர்வை பட்டு இன்னும் ஏறியது.

"முடியலக்கா."

"வேற எதனா நெனச்சுக்கோ. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

அவர் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, முகத்தில் வழிந்த வேர்வையைக்கூடத் துடைக்காமல் இருந்தார். நான் உலக்கை விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சனியன் பிடித்த உலக்கை விழவேயில்லை. என் கை தானாகப் போனது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான்தான் கொண்டுபோனேன். ஐந்து விரலாலும் ஆசை தீரச் சொறிந்தேன். அப்பா, என்ன சுகம்! அது அடங்குவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது.

அக்கா பார்த்துவிட்டார்.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றார். "நீயும் மறந்துடு."

எங்கே மறப்பது? பிள்ளை உதைத்தால் வலி தாங்காமல் உதைக்கிறதோ என்று தோன்றும். உதைக்காவிட்டால் அதைவிடப் பயம். இடுப்பு வலியும் கெண்டைக்கால் இழுப்பும் எல்லாருக்கும் வருவதுதான். எனக்கு மட்டும் ஒவ்வொன்றும் சாட்சி சொல்ல வந்ததுபோல் இருந்தது. கணவரிடம் சொல்லவில்லை, சொன்னால் மாமியார் காதுக்குப் போய்விடும். சந்தையில் வெற்றிலை விற்பவர் ஒருவருக்கு மேலுதடு பிளந்திருக்கும். எப்போதும் அவரிடம்தான் வாங்குவேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வளைகாப்பு முடிந்து, மேல்சித்தாமூருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அம்மா, "இன்னாடி இப்பிடி எளச்சுட்ட?" என்று பதறினாள். தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அங்கேதான் பிரசவம். ஆணா பெண்ணா என்று மருத்துவச்சி வாயெடுக்கும் முன்பே, "வாயக் காட்டுங்க," என்று கத்தினேன். முழு உதடு. விரலால் தடவிப் பார்த்தேன், வாய்க்குள்ளும் பார்த்தேன். பிறகு ஓவென்று அழுதேன். ஆண் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாதம் பிள்ளையோடு செஞ்சிக்குத் திரும்பினேன். அக்காவுக்குப் பிரசவமாகி எட்டு நாள் ஆகியிருந்தது. ஆண் பிள்ளை என்று வாசலில் சொன்னார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. என் பிள்ளையைக் காட்டும் அவசரத்தில் நேரே உள்ளே ஓடினேன். அவர் மடியில் கிடந்த குழந்தைக்கு மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

பின்னாலேயே மாமியார் வந்து நின்றார். "கம்முனு உக்காருங்கடின்னு தலபாடா அடிச்சிக்கினேன். அந்த இருட்டுல இவ இன்னா பண்ணாளோ! கேட்டா வாயத் தொறக்க மாட்றா."

எட்டு நாளாக இதே கேள்வி நடக்கிறது என்று புரிந்தது. சொறிந்தவள் அவள், அவள் பிள்ளைக்கே ஒன்றுமில்லை என்று என்னைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் என் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டேன். இப்போது வாயைத் திறந்தால் இவனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று அப்போதும் பயந்தேன்.

"அக்கா கையே எடுக்கல அத்தே. சொறிஞ்சது நான்."

மாமியார் என் முகத்தையும் என் பிள்ளையின் வாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப உன்னுது வந்து இவ புள்ள மேல வுழுந்துடுச்சா?"

உள்ளே வந்த நிமிடத்திலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தலையை நிமிர்த்தினார். "யாருதும் யாரு மேலயும் வுழல அத்தே. இதுக்குச் சப்பிக் குடிக்க வரல, பசியில கெடக்குது." பிறகு குழந்தையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார். "உம் புள்ளய இப்பிடிக் குடுத்துட்டு, போயி பால் சங்க எடுத்தாடி."

கொடுத்தேன். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு நொடி தயங்கினேன். அதை அவர் பார்த்துவிட்டார்.