அரைப் புள்ளிக்கு ஏற்ற டேட்டாபேஸ்

இறந்தவரை அழிக்கவே கூடாதோ என்று எனக்கு முதலில் தோன்றியது ஒரு போன் பேச்சின் நடுவில். கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி பேசினார். கோயில் கும்பாபிஷேகத்துக்காக எங்கள் மென்பொருள் முகவரி அச்சிட்ட உறை அவர் கையில் இருந்தது.

"கம்ப்யூட்டர்காரப் புள்ளையா? எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பத்திரிகை வந்திருக்கு ஆத்தா. அவுக போயி வருசம் திரும்பிருச்சு. நான் எங்குட்டுப் போயிக் குடுக்க?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

காரைக்குடியில் ஒரு சின்ன அறையில் நானும் நண்பன் ஒருவனும் மென்பொருள் செய்து தருகிறோம். அந்தக் கோயிலின் புள்ளிக் கணக்கை, அதாவது வரிக்கும் பத்திரிகைக்குமான குடும்பக் கணக்கை, கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. நகரத்தார் கோயில்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப் புள்ளி. மைஎஸ்க்யூஎல்லா போஸ்ட்கிரெஸா, எந்த டேட்டாபேஸ் என்று இருவரும் அடித்துக்கொண்டு, ஒரே ஃபைலில் அடங்குகிறதே என்று சோதனைக்கு மூன்றாவதான எஸ்க்யூலைட்டில் ஆரம்பித்திருந்தோம்.

நடந்தது இதுதான். பழைய பதிவேட்டிலிருந்து கடைசியாக ஏறியவர் ஆச்சியின் கணவர். இறந்துவிட்டார் என்று தெரிந்ததும் நண்பன் அவர் பதிவை அழித்தான். அடுத்துச் சேர்ந்தது அவருடைய பேரன், புதுமாப்பிள்ளை. கணினி ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் தரும், பிரைமரி கீ என்போம்; காலியான தாத்தாவின் எண் பேரனுக்குப் போய்விட்டது. ஆச்சியின் பதிவோ அந்த எண்ணையே இன்னமும் கணவர் என்று சுட்டிக்கொண்டிருந்தது. இங்கே தாத்தாவின் பெயரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். அதே பெயர், பக்கத்தில் ஆச்சியின் பெயர், முழுப் புள்ளி. அச்சைச் சரிபார்த்த எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

எஸ்க்யூலைட்டைக் குறை சொல்ல முடியாது. சுட்டப்படுபவர் இருக்கிறாரா என்று பார்க்கும் காவல் அதில் உண்டு. நாமாக அதை இயக்க வேண்டும். நாங்கள் இயக்கவில்லை.

மதியம் முழுக்க அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன். தேடும்போதெல்லாம் வந்தார். காரணம் தெரிந்த பிறகும் திரையைத் தனியாகப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

"பேயி இல்ல தாயி, பிரைமரி கீ," என்றான் நண்பன். "மைஎஸ்க்யூஎல்லுக்கு மாத்திருவோம். அவரை அழிச்சா ஆச்சி பதிவும் கூடவே அழியிற மாதிரி வச்சிரலாம். சுத்தமா இருக்கும்."

"யாருக்குச் சுத்தம்?"

"டேட்டாவுக்குத்தான். நீ ஏன் முறைக்கிற?"

அதே பதிவுகளைப் போஸ்ட்கிரெஸில் ஏற்றி, கணவரை அழிக்கச் சொன்னேன். மறுத்தது. இவரை இன்னொரு பதிவு இன்னும் சுட்டிக்கொண்டிருக்கிறது என்றது. சாதாரணப் பிழைச் செய்திதான். மைஎஸ்க்யூஎல்லும் இப்படி மறுக்கக்கூடியதே. ஆனாலும் எனக்குச் சிலிர்த்தது.

போஸ்ட்கிரெஸில் எனக்குப் பிடித்தது வேறு. இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று ஒரு காலத்தையே ஒரு கட்டத்துக்குள் வைக்கலாம். ஒரே காலத்தில் ஒருவர் இரண்டு புள்ளியில் நிற்க முடியாது என்று காவலும் போடலாம். யாரையும் அழிக்க வேண்டியதில்லை.

ஆச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "உங்களை அரைப் புள்ளியா மாத்துறோம் ஆச்சி. கல்யாண பந்தம் என்னைக்கு முடிஞ்சதுன்னு ஒரு தேதி மட்டும் போடணும்."

"கல்யாணம் எங்க ஆத்தா முடிஞ்சது? அவுகதான் போனாக." என்றார் ஆச்சி. "அரையின்னு எழுதிக்க, அது கோயில் வழக்கம். எங்கள மட்டும் பிரிச்சுப் போட்றாத. பேரனுக்குத் தனியா ஒரு பத்திரிகை அனுப்பு. இந்த உறையத் திருப்பித் தர மாட்டேன்."

கணவரின் ஆயுளையும் திருமணத்தையும் ஒரே காலமாக நினைத்திருந்தேன். அவர் ஒரு பேச்சில் பிரித்துவிட்டார். நாளை கோயில் அலுவலகத்துப் பழைய கணினியில் போஸ்ட்கிரெஸை ஏற்றி, ஆச்சியின் பதிவை மட்டும் வைத்துப் பார்க்கப் போகிறேன். கணவரின் ஆயுளுக்கு முடிவுத் தேதி, திருமணத்துக்கு முடிவு காலி. கணக்கு அரை என்று வர வேண்டும். பெயர்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தக் கணினி தாங்குமா என்பதுதான் தெரியவில்லை.