அக்காவின் ஆய்வும் முதலில் அச்சான என் பெயரும்

அக்காவின் முதலாமாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும்படி குடும்பத்தார் கேட்டார்கள். அவருடைய நல்லதை எழுத வேண்டுமானால் என் கெட்டதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்கா கிள்ளானில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வே வேலை என்பதால் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பில் வளர்ந்தோம். அக்கா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா காலமானார். மாலையில் டியூஷன் எடுத்துக்கொண்டே அக்கா படித்து முடித்து, கணினி அறிவியல் விரிவுரையாளரானார். என் கல்லூரிப் படிப்பும் அவர் கையால் நடந்ததுதான். பிறகு அதே துறைக்கு நானும் வந்தேன்.

அக்காவின் ஆய்வு தரவுத்தளங்களைப் பற்றியது. மருத்துவமனை, வங்கி என்று எங்கே போனாலும் நம் விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. அங்கே ஒரு கேள்வி கேட்டால் பதிலைத் தேடப் பல வழிகள் உண்டு. எது குறுக்கு வழி என்று கணினி முன்கூட்டியே கணிக்கும். கணிப்பு தவறினால் நொடியில் வர வேண்டிய பதிலுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தவறிய கணிப்புகளைக் கணினியே குறித்து வைத்து அடுத்த முறை திருத்திக்கொள்ள அக்கா ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பக்கவாதத்தால் படுத்துவிட்ட அம்மாவைச் சாலாக் செலாத்தானில் உள்ள எங்கள் வீட்டில் பராமரித்துக்கொண்டே அதைச் செய்தார்.

நான் செய்தது குறைவு. ஒரு நண்பருடன் சேர்ந்து என் ஆய்வகத்தில் சோதனைகளை ஓட்டினேன், அக்கா எழுதிய கட்டுரையின் ஆங்கிலத்தைத் திருத்தினேன். அம்மாவை விட்டு அக்காவால் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக முடியாது. நான் போவதாக இருந்தது.

“அக்கா, பிரசண்ட் பண்ணப் போறது நான்தானே. என் பேர முதல்ல போட்டுக்கவா? எனக்கு ப்ரொமோஷன் டைம். பேர் ஆர்டர்லாம் சும்மா லா,” என்றேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“போட்டுக்க. பேப்பர் வெளிய வந்தா போதும்.”

அந்தக் கட்டுரையைப் பல நாட்டு ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டினார்கள். இன்றும் காட்டுகிறார்கள். எல்லா இடத்திலும் என் பெயர், அடுத்து ‘மற்றும் பிறர்’. அந்தப் பிறரில் ஒருவராக அக்கா இருந்தார். நான் பேராசிரியரானேன்.

அக்கா பதவி உயர்வு நேர்காணலுக்குப் போய் வந்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் சேர்ந்து சாப்பிட்டோம்.

“நீங்க தம்பியோட வேலையத்தான் தொடர்ந்து செய்றீங்களான்னு கேட்டாங்கடா,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“நான் லெட்டர் எழுதித் தரேன்கா.”

“எழுது.”

எழுதவில்லை. முதலில் நேரமில்லை என்று தள்ளிப்போட்டேன். பிறகு, எழுதினால் என் பதவியைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று பயந்தேன். அக்கா மறுபடி கேட்கவில்லை. அந்தப் பதவி உயர்வும் அவருக்குக் கிடைக்கவில்லை. தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். முதல் கட்டுரையில் விட்டுப்போன இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பிய கட்டுரைகள் அவை. அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் சிலரே. யாருடைய கட்டுரையையும் முழுக்கப் படிக்காமல் அவர் மேற்கோள் காட்டியதே இல்லை.

புற்றுநோயுடன் அவர் மருத்துவமனையில் இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து ஓர் இளம் ஆய்வாளர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்த முதல் கட்டுரையில் ஒரு படி அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அக்காவிடம் கொண்டுபோனேன். மூச்சு வாங்க வாங்க அவர் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

மறுநாள், “அனுப்பிட்டியா?” என்றார்.

“அனுப்பிட்டேன்கா.”

“நான் சொன்னேன்னு போட்டியா?”

“போட்டேன்.”

போடவில்லை. அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

அடக்கத்தன்று மாமா ஒருவர் என் தோளைப் பிடித்து, “தம்பிய ஆளாக்கிட்டுப் போயிட்டா. உன் பேரு உலகம் பூரா இருக்கு, அது போதும் அவளுக்கு,” என்றார். தலை குனிந்து நின்றேன். துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

நடந்ததை உள்ளபடி எழுதி அடுத்த மாதம் மூவருக்கு அனுப்பினேன். கட்டுரையை வெளியிட்டவர்கள், அச்சான வரிசையை மாற்ற முடியாது, என் கடிதத்தை அதனுடன் இணைக்கிறோம் என்றார்கள். அக்காவின் பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. அந்த இளம் ஆய்வாளர், “அவருக்கே நேரடியாக நன்றி சொல்ல வேண்டும், முகவரி தாருங்கள்,” என்று கேட்டார். அக்கா போய்விட்டதை நான் அவருக்கு எழுதியிருக்கவில்லை. அதற்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாளாயிற்று.

அக்காவைக் கடைசிவரை கவனித்த தாதியருக்கும், அந்த மாதங்களில் அம்மாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டு ஆன்டிக்கும், தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்து அடக்கத்துக்குச் சமைத்த சித்தி குடும்பத்தாருக்கும், அக்காவைத் தூக்கிச் சென்ற அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“தெரியும்டா. எனக்குக் கஞ்சி ஊட்டிட்டு இங்கதானே உக்காந்து எழுதுவா,” என்றார். வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன.

“ஏம்மா என்கிட்ட கேக்கல?”

“அவ கேக்காதன்னு சொல்லிட்டா.” பிறகு என்னைப் பார்த்தார். “அடியில யார் பேரு போடுவாங்க?”

“எழுதுனவங்க பேரும்மா.”

“இதுல உன் பேரு வேணாம்.”

அம்மா சொன்னபடியே விட்டிருக்கிறேன்.