சக்களத்திக் கம்பி

பல்கலைக்கழகத்து உலோக ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் உலைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடம் அங்கே உலைகளைக் காத்தவர். கடைசி நான்கு வருடம் ஒரே ஒரு கம்பிக்குக் காவல். சுண்டுவிரல் பருமன் உள்ள அந்தக் கம்பி, அறுநூறு டிகிரிச் சூட்டில், அடியில் எடைக்கற்களைச் சுமந்தபடி தொங்கியது. அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தினமும் காலை ஒன்பது மணிக்குப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். உலை ஒருமுறை ஆறினால் அதுவரை எழுதியதெல்லாம் வீண். புதுக் கம்பியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேராசிரியர் போட்ட விதி அது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் பட்டமும் அந்தக் கம்பியில்தான் தொங்கியது.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே மனைவி கேட்பாள்: "என் சக்களத்தி இன்னைக்கு எவ்வளவு வளர்ந்தா?"

"முடியளவு கூட இல்ல."

"சோறு போட்டா வளருவா. நெருப்பைப் போட்டா?"

பிறகு அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் மாணவியிடம் விட்டுவிட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான்காவது வாரம், ஒரு வியாழன் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் அவளைப் பார்க்க வந்திருந்தபோது, மாணவியிடமிருந்து போன் வந்தது. மின்சாரம் போய்விட்டது, உலை இன்னும் இருபது நிமிடம்தான் சூடு தாங்கும். பழைய ஜெனரேட்டர் அவர் கைக்கு மட்டும்தான் மசியும். அவர் தயங்கினார்.

"போங்க, சக்களத்தி கூப்பிடுறா," என்றாள் மனைவி, மூச்சு வாங்க. "நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

உலையைக் காப்பாற்றிவிட்டார். கையில் கரியோடு திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. "உங்களைத்தான் கேட்டாங்க," என்றாள் நர்ஸ்.

பதினாறு நாள் கழித்து வேலைக்கு வந்தார். உலையின் சூட்டைக் கோடாக வரைந்துவரும் காகிதச் சுருளை மாதம் ஒருமுறை கட்டி வைப்பது வழக்கம். விரித்தபோது ஓரிடத்தில் விரல் தடுக்கியது. வெட்டி ஒட்டியிருந்தது. ஓரத்து மணிக்குறிகளை எண்ணினார். மனைவி இறப்பதற்குப் பதினொரு நாள் முந்திய ஞாயிறு. ஐந்து மணி நேரம் காணவில்லை.

மாணவி பக்கத்தில் வந்து நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"தூங்கிட்டேண்ணா, கரண்ட் போனதே தெரியல. எழுந்து பார்த்தா உலை ஆறிக் கிடந்துச்சு."

"அப்போ அன்னைக்கு என்னைக் கூப்பிட்டப்பவே உனக்குத் தெரியும்."

"பேராசிரியர் பக்கத்துலயே நின்னார்ணா. கூப்பிடாம இருக்க முடியல." அழத் தொடங்கினாள். "நாலு வருஷம்ணா. நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது."

அவர் ஒட்டியிருந்த இடத்தைத் தடவினார்.

"தெரிஞ்சிருந்தா அவ என்னைப் போகவிட்டிருக்க மாட்டாம்மா."

பதிவேட்டை எடுத்து, அந்த ஞாயிற்றின் வரியில் 'ஐந்து மணி நேரம் உலை ஆறியது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாயங்காலம் பேராசிரியரின் உத்தரவு வந்தது. எடைக்கற்களை ஒவ்வொன்றாக இறக்கி, உலையை அணைத்தார்.

மறுநாள் கம்பியை வெளியே எடுத்து அளந்தார். சுமை போயும் அது பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. நான்கு வருடத்தில் மூன்றே கால் மில்லிமீட்டர்: விரல் இடுக்கில் பிடித்துக் காட்டக்கூடிய அளவு. வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார். உள்ளேயிருந்து யாரும் கேட்கவில்லை.