ஒன்பதாவது கேள்வி

கேள்வியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்காக இருபத்திரண்டு வருஷமாய் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவரை வேறெப்படிக் கூப்பிடுவது? தூக்கம் வருதா, பசி எடுக்குதா, மனசு பாரமா இருக்கா என்று பத்துக் கேள்வி. பதிலைப் படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். அந்தக் காகிதக் கட்டை வைத்துப் பெரிய பெரிய ஆட்கள் கட்டுரை எழுதுவார்கள், மாநாட்டில் கைதட்டல் வாங்குவார்கள். அக்காவுக்குக் கிடைத்தது குதிகால் வெடிப்பு.

படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் வேறு யாரிடமும் வாயே திறக்காதவர்கள் இவரிடம் மடை திறந்த மாதிரி கொட்டுவார்கள். ரகசியம் பெரிதாய் ஒன்றுமில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு, மூடிய பேனாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகுதான் மூடியைக் கழற்றுவார். ப்பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? செய்து பாருங்கள் ஐயா! ஏழு எண்ணுவதற்குள் உங்கள் நாக்கு அரிக்க ஆரம்பித்துவிடும்.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வாய் ஓயாத மனுஷன். "ஊருக்கெல்லாம் காது குடுக்கிறே, என்கிட்ட மட்டும் சீக்கிரம் சொல்லி முடிங்கன்றே" என்று குறைப்பட்டுக்கொள்வார்.

"ஊர்ல யாரும் ஒரே கதையை ஒன்பது தடவை சொல்றதில்லைங்க" என்பார் அக்கா.

போன வருஷம் ஒரு அறக்கட்டளை அறிவிப்பு விட்டது. மனநல ஆராய்ச்சிக்கு வரும் இளசுகளுக்குக் குறுகிய காலப் பயிற்சி வகுப்பு நடத்த மானியம் தருகிறார்களாம். வருஷத்துக்கு ஐந்து நாள் வகுப்பு, மொத்தம் மூன்று வருஷம். பிரிவின் தலைமை டாக்டர் உடனே விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். இந்த டாக்டர் படிக்கிற பெண்ணாக இருந்த காலத்தில் கேள்வியக்காவின் பின்னாலேயே தெருத் தெருவாக நடந்தவர். "எல்லாரும் புள்ளிவிவரம் சொல்லித் தர்றாங்க. எப்படிக் கேக்கணும்னு நாம சொல்லித் தருவோம்" என்றார். முதன்மைப் பயிற்சியாளர் என்ற இடத்தில் கேள்வியக்காவின் பேரை எழுதினார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்காரருக்கோ கால் தரையில் பாவவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்டவர்களுக்கெல்லாம் சேதியும் சேர்த்துக் கொடுத்தார்: "என் சம்சாரம் டாக்டருங்களுக்கே பாடம் எடுக்கப் போறா, தெரியுமில்ல?"

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வகுப்புத் திட்டம் பிடித்திருக்கிறது. ஆனால் முதன்மைப் பயிற்சியாளரின் கல்வித் தகுதி போதாது. ஆளை மாற்றவும், அல்லது நேரில் வந்து விளக்கவும்.

டாக்டர் மென்று முழுங்கினார். "உதவியாளர்னு மாத்திப் போட்டா மானியம் வந்துடும், அக்கா."

உதவியாளர் என்றால் என்ன என்று அக்காவுக்குத் தெரியாதா? தாள் நகலெடுக்கணும், நாற்காலி போடணும். இருபத்திரண்டு வருஷம் நடந்து கற்றதை இன்னொருத்தர் திரையில் காட்டிப் படிப்பார். அக்கா மூலையில் நிற்கணும்.

"நேர்ல வான்னுதானே போட்டிருக்கு, டாக்டரம்மா? போவோம்."

"சரி, போவோம். ஆனா ஒண்ணு. அந்தப் பழைய நாற்பது வீட்டு விஷயத்தை மட்டும் அங்க எடுத்துடாதீங்க. நம்ம வேலையே தப்புன்னுடுவாங்க." அக்கா தலையாட்டினார்.

அறக்கட்டளை ஆபீஸில் நீளமான மேஜை. ஒரு பக்கம் ஐந்து பேர், மறுபக்கம் இவர்கள் இருவர். நடுவில் இருந்த தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டார்: "ஏம்மா, படிவத்துல இருக்கிற கேள்வியைப் பார்த்துப் படிக்கிறதுக்கு ஒரு பயிற்சியா? எழுதப் படிக்கத் தெரிஞ்ச யாரும் செஞ்சுட மாட்டாங்களா?"

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பக்கத்தில் டாக்டர் வேண்டாம் என்பதுபோலப் பார்த்தார். அக்கா பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

"யாரும் செய்யலாம் சார். நானும் அப்படித்தான் செஞ்சேன். வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வருஷம். ஒரு வாரத்துல நாற்பது வீடு முடிக்கணும், மழை வேற. ஒன்பதாவது கேள்வி, உயிரோட இருக்கவே பிடிக்கலைன்னு தோணினதுண்டான்னு கேக்கணும். நான் பேனாவை 'இல்லை' கட்டத்து மேல வச்சுக்கிட்டு, 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?'ன்னு கேட்டேன். கேள்விக்குள்ளயே பதிலையும் வச்சுக் குடுத்துட்டேன். நாற்பது வீட்லயும் இல்லைன்னாங்க. நானும் நிம்மதியா டிக் போட்டேன்."

தலைவர் துடைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பத்து நாள் கழிச்சு, அந்த நாற்பதுல ஒருத்தங்களை எங்க வார்டுலயே பார்த்தேன். சாகப் பார்த்திருக்காங்க. ஏதோ பிழைச்சுட்டாங்க. அன்னிக்கு நான் சோறு திங்கலை சார். அப்ப இருந்த பெரிய டாக்டர், ஒரு படிவம்தானே, தூக்கிப் போட்டுடுன்னார். எனக்கு மனசு ஒப்பலை. லீவு நாள்ல மறுபடி நாற்பது வீட்டுக்கும் போனேன். தப்பாக் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க, திரும்பக் கேக்கலாமான்னு கேட்டேன். பேனாவைத் திறக்காம உக்காந்தேன். வார்டுல இருந்தவங்களைத் தவிர, இன்னும் ஆறு பேர் ஆமான்னாங்க. அதே வீடு, அதே ஆளுங்க, அதே கேள்வி. நான்தான் மாறியிருந்தேன். அந்த ஆறு பேரையும் அப்புறம் நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்தேன். என் தகுதி இதுதான் சார். போதாதுன்னா நான் எழுந்து போறேன். உதவியாளர்னு மட்டும் என்னைப் போடாதீங்க."

டாக்டர் பையிலிருந்து இரண்டு கட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். பேர், விலாசமெல்லாம் மறைத்த நகல்கள். பழசு நாற்பது, புதுசு நாற்பது. எடுக்காதே என்று சொன்ன மகராசிதான் அதைத் தயாராய்க் கொண்டுவந்திருந்தார்! தலைவர் இரண்டு கட்டையும் ஒன்றொன்றாய்ப் புரட்டினார்.

மானியம் வந்தது. அக்காவின் பேர் எழுதின இடத்திலேயே இருந்தது.

முதல் வகுப்புக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். பேருக்குப் பின்னால் பட்டம் இல்லாத ஒரே ஆள் பாடம் எடுப்பவர்தான். இல்லையில்லை, இன்னொருவரும் இருந்தார். அக்காவின் பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரப் பெண்மணி. அன்றைக்கு வார்டில் படுத்திருந்தவர். "நானும் வந்து சொல்றேன் அக்கா, எனக்கென்ன வெட்கம்?" என்று அவராகக் கேட்டு வந்திருந்தார். வாசல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே லீவு போட்டுவிட்டு வந்த ஒரு கண்டக்டர், வாழ்க்கையில் முதல்தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றார்.

அக்கா நாற்பது வீட்டுக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். கூச்சப்படவில்லை. முடித்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி தையல்காரரைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "முதல் தடவையே அவங்க சரியாக் கேட்டிருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களா?"

தையல்காரர் உடனே பதில் சொல்லவில்லை. கேட்ட பெண் பதறிப்போய் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா கையை லேசாக உயர்த்தி அவளை இருக்கச் சொன்னார். மூன்று, நான்கு, ஐந்து.

"சொல்லியிருப்பேன்மா," என்றார் தையல்காரர். "யாராவது வந்து கேக்க மாட்டாங்களான்னுதான் அன்னிக்கு அந்த மழையிலயும் கதவைத் திறந்து வச்சிருந்தேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். இருபது பேர் கையிலும் பேனா இருந்தது. ஒருவர்கூட மூடியைக் கழற்றியிருக்கவில்லை.