மஞ்சள் பூசாத பத்து நாள்

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் நடிகைகளுக்குத்தான் என்று மணலூர்பேட்டையில் எல்லோருக்கும் நினைப்பு. எனக்குச் சின்ன வயதில் மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்து கழுத்து வெந்துபோனது. தோல் சுருங்கித் தாடையைக் கீழே இழுத்துவிட்டதால் அண்ணாந்து தண்ணீர் குடிக்க வராது. யார் வீட்டுக்குப் போனாலும் சொம்பை வாங்காமல் தாகத்தோடு திரும்பிவிடுவேன். நாலு பேர் எதிரில் ஒரு தடவை அண்ணாந்து குடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்கு முன்னும் பின்னுமாகப் பத்து நாளைக்கு முகத்திலும் கழுத்திலும் மஞ்சள், பொட்டு எதுவும் படக்கூடாது. நகம் வெட்ட வேண்டும். வளையல், மெட்டி கழற்றிவிட வேண்டும். கையெழுத்துப் போடவும் கூடத் தங்கவும் ஓர் ஆள் வேண்டும். வருவதாகச் சொன்ன வீட்டுக்காரரை, இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மறியல் செய்தார் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அம்மா வீடு கல்வராயன் மலையடிவாரத்தில். சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டு பஸ் நின்றுபோயிருந்ததால் அங்கே சொல்லியனுப்பவும் வழியில்லை. பக்கத்துத் தெரு நாத்தனாரைக் கூட வரச் சொல்லிக் கேட்டேன்.

"இத்தினி வருசம் இருந்துட்ட. இப்ப யாரு பாக்கப் போறாங்க?" என்றார்.

மறுநாள் பஸ் விடுவதாகப் பேச்சு வந்ததும் வளையலைக் கழற்றி வைத்து, பொட்டையும் அழித்துவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். குழாயடியில் இருந்தவள் என் வெறுங்கையையும் நெற்றியையும் பார்த்தாள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மறியல் செய்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம் அது. நான் வீடு வருவதற்குள் வாசல் நிறைய ஆட்கள். நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்.

"அவருக்கு ஒண்ணும் இல்லீங்க அண்ணி! ஆஸ்பத்திரி போறதுக்குக் கழட்டனேன்!"

அழுகை நின்றதும் நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "புருசன் உசுரோட இருக்கறப்ப இது இன்னாடி கோலம்?" என்று மஞ்சளை உரசிக் கொண்டுவந்து அவரே என் கழுத்தில் அப்பினார். அந்தத் தழும்பை இன்னொருவர் கை தொட்டது அன்றுதான். எனக்குப் பாழாய்ப்போன அழுகை வந்தது.

"நாளைக்கு யாராச்சும் கூட வர்றீங்களா?" என்று கேட்டேன். ஒருத்திக்கு மாடு, ஒருத்திக்குக் களையெடுப்பு. நாத்தனார் தண்ணீர் கேட்டு வாங்கி, அண்ணாந்து மடமடவென்று குடித்தார். சொம்பு கைமாறிக் கைமாறிக் காலியானது.

"உனக்கு டம்ளர்ல கொண்டாரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை பஸ் போகிற சத்தம் கேட்டது. மஞ்சள் கழுத்தோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் செத்துப்போனார் என்று நினைத்ததும் தெருவே திரண்டு வந்தது. எனக்கு ஓர் ஆள் போதுமாக இருந்தது.